எது முதலில் தீரும்?

50 கிலோ நைட்ரஜனையும் 10 கிலோ ஹைட்ரஜனையும் சேர்த்தால் எத்தனை கிலோ அம்மோனியா கிடைக்கும்? 60 கிலோ என்று சொல்லத்தான் வாய் வரும். முழுவதும் வினை நடப்பதாக வைத்துக்கொண்டாலும் கிடைப்பது 56 கிலோவும் கொஞ்சமும்தான். என்.சி.இ.ஆர்.டி.யின் 11-ம் வகுப்பு வேதியியல் புத்தகத்தில், முதல் பாடத்தில் உள்ள கணக்கு இது. டெல்லியோ ராஞ்சியோ போபாலோ, சி.பி.எஸ்.இ. பள்ளியில் சயன்ஸ் குரூப் எடுக்கும் பிள்ளைகள் பத்தாம் வகுப்பு மார்க்கின் சந்தோஷம் அடங்குவதற்குள் காலில் குத்திக்கொள்ளும் முதல் முள்ளும் இதுதான்.

டெல்லிப் பள்ளி ஒன்றில் 31 ஆண்டுகள் வேதியியல் நடத்தினேன். ஓய்வு பெற்ற பிறகு, மயூர் விஹாரில் எங்கள் குடியிருப்பின் தரைத்தளக் கூடத்தில் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் ஏழெட்டுப் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறேன். கட்டணம் கிடையாது. ஃபிளாட்காரர்களின் பிள்ளைகளும் வருவார்கள், அந்த ஃபிளாட்டுகளில் வேலை செய்கிறவர்களின் பிள்ளைகளும் வருவார்கள். முதல் மாதமே இந்தக் கணக்கில் வந்து நிற்போம்.

"எது லிமிட்டிங் ரீஏஜென்ட்?" என்று கேட்பேன். கட்டுப்படுத்தும் வினைபடு பொருள் எது, அதாவது முதலில் தீர்ந்துபோய் வினையை நிறுத்துவது எது என்று பொருள். "ஹைட்ரஜன்" என்று கூட்டமாகப் பதில் வரும். ஏன்? "10 கிலோதானே இருக்கிறது. நைட்ரஜன் 50 கிலோ இருக்கிறதே."

விடை சரி. காரணம் தப்பு. பரீட்சையில் விடைக்கு மார்க் கிடைத்துவிடும், அதனால் இந்தத் தப்புக் காரணம் வெளியே தெரியாமலே வருஷக்கணக்கில் பிள்ளையோடு வளரும். எனவே கணக்கில் ஒரு எண்ணை மட்டும் மாற்றுவேன். ஹைட்ரஜன் 10 அல்ல, 12 கிலோ. இப்போது எது? மறுபடியும் "ஹைட்ரஜன்". 12 என்பது 50-ஐ விடக் குறைவுதானே! இந்த முறை எல்லோரும் மாட்டிக்கொள்வார்கள்.

50 கிலோ நைட்ரஜன் என்பது சுமார் 1,786 மோல். ஒரு மோல் நைட்ரஜனுக்கு 3 மோல் ஹைட்ரஜன் வேண்டும். ஆக, தேவை 5,357 மோல். 10 கிலோ ஹைட்ரஜனில் இருப்பது 5,000 மோல்தான், போதாது. ஹைட்ரஜன் முதலில் தீர்கிறது, சுமார் மூன்றரை கிலோ நைட்ரஜன் மிஞ்சி நிற்கிறது. 12 கிலோவில் 6,000 மோல் இருக்கிறது. தேவைக்கு மேல். இப்போது தீர்ந்துபோவது நைட்ரஜன். தராசில் நான்கு மடங்குக்கும் மேல் கனமாக உட்கார்ந்திருந்த அதே நைட்ரஜன்.

(நிஜமான தொழிற்சாலையில் இப்படி ஒரே மூச்சில் வினை முடியாது. ஒரு சுற்றில் ஒரு பகுதி வாயுதான் அம்மோனியா ஆகும். மீதியைத் திரும்பத் திரும்பச் சுற்ற விடுவார்கள். பாடப் புத்தகம் அந்தச் சிக்கலை விட்டுவிட்டுக் கணக்கை மட்டும் கேட்கிறது.)

ஆங்கிலப் புத்தகங்கள் இதை விளக்க இரண்டு ரொட்டித் துண்டு, ஒரு சீஸ் துண்டு என்று சாண்ட்விச் செய்யச் சொல்லும். எனக்கு நவராத்திரி போதும். வருகிற ஒவ்வொருவருக்கும் 2 வெற்றிலை, 1 தேங்காய் வைத்துத் தாம்பூலம். ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் வாங்கி வந்தது 60 வெற்றிலை, 40 தேங்காய். எத்தனை பேருக்குக் கொடுக்கலாம்? முப்பது பேருக்கு. எண்ணிக்கையில் அதிகம் இருந்தது வெற்றிலை. முதலில் தீர்ந்ததும் வெற்றிலை. பத்துத் தேங்காய் மிஞ்சுகிறது, அதில் மறுநாள் சட்னி அரைக்கலாம், 31-வது ஆளுக்குத் தாம்பூலம் கட்ட முடியாது. இருப்பில் எது குறைவு என்ற கேள்விக்கு இங்கே பயனில்லை. கேட்பவருக்கு எத்தனை வேண்டும், அதற்கு எதிராக எது குறைவு என்பதே கேள்வி.

தராசு ஏன் ஏமாற்றுகிறது என்பதும் இதிலேயே விளங்கும். 40 தேங்காயை ஒரு தட்டிலும் 60 வெற்றிலையை ஒரு தட்டிலும் வைத்துப் பார்த்து யாரும் எத்தனை பேருக்குத் தாம்பூலம் என்று சொல்ல மாட்டார்கள். எண்ணித்தான் சொல்வார்கள். அணுக்களை எண்ண விரல் போதாது, அதனால்தான் மோல். நூறு வெற்றிலை ஒரு கவுளி என்பது போல, 6.022-ஐ அடுத்து 10-ன் 23-ம் அடுக்கு கொண்ட எண்ணிக்கை ஒரு மோல். 2019 முதல் கிராம் எடையைத் துணைக்கு அழைக்காமல், ஒரு திட்டமான எண்ணிக்கையாகவே மோலை உலக அளவியல் வரையறுத்துவிட்டது. பாடத்தில் மிரட்டும் சொல், அவ்வளவுதான். வேலை கவுளியின் வேலை.

இவ்வளவும் வகுப்பறைக்குள் நடப்பது. பிள்ளைகளில் பாதிப் பேர் இதை நீட், ஜே.இ.இ. தேர்வுகளில் நாலு மார்க்குக்கான விஷயம் என்றுதான் வைத்திருப்பார்கள். நான் இதை அடுப்படிக்குக் கொண்டுபோவேன்.

சமையல் காஸ் என்பது பெரும்பாலும் புரொப்பேனும் பியூட்டேனும். 44 கிராம் புரொப்பேன் முழுவதும் எரிய 160 கிராம் ஆக்ஸிஜன் தேவை. காற்றில் எடைப்படி கால் பங்குக்கும் குறைவுதான் ஆக்ஸிஜன் என்பதால், ஒரு கிலோ காஸுக்கு ஏறக்குறைய பதினைந்தரை கிலோ காற்று வேண்டும். 14.2 கிலோ சிலிண்டர் ஒன்று தீர்வதற்குள் நம் சமையலறை சுமார் 220 கிலோ காற்றைச் செலவழித்திருக்கும். சிலிண்டருக்குப் பணம் கொடுக்கிறோம், புக் செய்து காத்திருக்கிறோம். காற்றுக்கு யாரும் பில் போடுவதில்லை. எனவே காஸ்தான் கட்டுப்படுத்தும் பொருளாக இருக்க வேண்டும், காற்று மிகையாக இருக்க வேண்டும். விலை அதிகமானதை மிச்சமில்லாமல் தீர்ப்பது, மலிவானதைத் தாராளமாக விடுவது - தொழிற்சாலைகளின் கொள்கையும் இதுதான்.

பர்னர் துளைகளில் பாலும் சாம்பாரும் பொங்கி அடைத்துக்கொண்டால் இந்த ஏற்பாடு தலைகீழாகிறது. காற்று போதாமல் போகிறது. நீலமாக எரிந்த தீ மஞ்சளாகிறது, பாத்திரத்தின் அடி கரி பிடிக்கிறது. அந்தக் கரி வேறொன்றுமில்லை, ஆக்ஸிஜன் கிடைக்காமல் பாதியில் நின்றுபோன கார்பன். எங்கள் அம்மா ஒரு வேதியியல் சமன்பாடும் அறியாதவர். மஞ்சள் தீயைப் பார்த்ததும் ஊக்கை எடுத்துப் பர்னரைக் குத்துவார். லிமிட்டிங் ரீஏஜென்ட்டைச் சரிசெய்துகொண்டிருந்தார் என்று எனக்குக் கல்லூரிக்குப் போன பிறகுதான் தெரிந்தது.

கரி பிடிப்பதாவது கண்ணுக்குத் தெரியும். தெரியாத ஒன்றும் அதனுடன் உண்டாகிறது. 12 கிராம் கார்பனுக்கு 32 கிராம் ஆக்ஸிஜன் கிடைத்தால் கார்பன் டை ஆக்ஸைடு. 16 கிராம்தான் கிடைத்தது என்றால் கார்பன் மோனாக்ஸைடு. நிறமில்லை, வாசனையில்லை. ரத்தத்தின் ஹீமோகுளோபினை ஆக்ஸிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான பிடியோடு பற்றிக்கொள்ளும். முதலில் தலைவலி, அப்புறம் அசதி, குமட்டல், தூக்கம். தூங்கிக்கொண்டிருப்பவருக்குத் தலைவலி என்ற எச்சரிக்கைகூடக் கிடைக்காது.

டெல்லிக் குளிரை அனுபவிக்காத தென்னாட்டு வாசகர்களுக்கு அங்கீட்டி பற்றிச் சொல்ல வேண்டும். இரும்புத் தகரத்திலோ மண்ணிலோ செய்த சிறு கணப்பு. கரியைக் கொட்டி வெளியில் மூட்டி, புகை அடங்கிய பிறகு உள்ளே எடுத்துவந்து, சுற்றி உட்கார்ந்து குளிர்காய்வார்கள். டிசம்பர் பிறந்ததும் பேப்பரில் அந்தச் செய்தி வரத் தொடங்கும். மூடிய அறையில் அங்கீட்டி, காலையில் கதவைத் தட்டினால் திறக்க ஆள் இல்லை. பெரும்பாலும் கூலித் தொழிலாளிகள், காவலாளிகள், டிரைவர்கள், ஒரே அறையில் படுக்கும் குடும்பங்கள். பல நகரங்களில் குளியலறை காஸ் கீஸர்களும் இதே காரியத்தைச் செய்கின்றன. அங்கே போகிறவர்கள் ஃபிளாட்காரர்கள். வேதியியல் ஒன்றுதான்.

இரண்டு குளிர்காலங்களுக்கு முன்பு, ஞாயிறு வகுப்பில் கார்பன் கணக்கைப் போட்டுக்கொண்டிருந்தபோது ஒரு பெண் கை தூக்கினாள். எங்கள் குடியிருப்பின் இரவுக் காவலாளியின் மகள். குடும்பம் பீஹாரிலிருந்து வந்தது. "மேடம், அப்பாவின் கேபினுக்கு இந்தக் கணக்கைப் போடலாமா?" என்றாள்.

போட்டோம். கேபின் 6 அடிக்கு 5 அடி, உயரம் 8 அடி. 240 கன அடி, அதாவது சுமார் 6,800 லிட்டர் காற்று. அதில் ஐந்தில் ஒரு பங்கு ஆக்ஸிஜன், ஏறக்குறைய 60 மோல். ஒரு கிலோ கரியைச் சுத்தக் கார்பன் என்றே வைத்துக்கொண்டால் 83 மோல். காற்றுப் புகாமல் அடைத்த கேபினில் கரி மிகை, ஆக்ஸிஜன் பற்றாக்குறை. போர்டில் இதை எழுதி முடித்தபோது கூடம் அமைதியாகிவிட்டது. அதுவரை 50 கிலோ நைட்ரஜனை யாரும் பார்த்ததில்லை. இந்தக் கேபினைத் தினமும் இரண்டு முறை கடந்துபோகிறார்கள்.

ஃபிளாட்காரர்களின் பையன் ஒருவன் புத்திசாலித்தனமாக ஒரு கேள்வி கேட்டான். "அப்படியென்றால் பெரிய ரூமில் வைத்தால் ஆபத்தில்லையே ஆன்ட்டி?" 10 அடிக்கு 10 அடி அறை, உயரமும் 10 அடி. ஆக்ஸிஜன் சுமார் 250 மோல். ஒரு கிலோ கரிக்கு மூன்று மடங்கு இருக்கிறது. கணக்குப்படி ஆக்ஸிஜன்தான் மிகை. ஆனால் இப்படிப்பட்ட அறைகளிலும் மனிதர்கள் இறந்திருக்கிறார்கள். கணக்கு பொய்யா?

கணக்கு பொய்யில்லை, அதை எந்த இடத்துக்குப் போடுகிறோம் என்பதில்தான் விஷயம். அறையின் மூலையில் இருக்கும் ஆக்ஸிஜன் கரித்துண்டுக்கு உதவாது. கரிக் குவியலுக்குள் போய்ச் சேருவது மட்டும்தான் வினையில் கலந்துகொள்கிறது. குவியலின் அடியில் உண்டாகும் கார்பன் டை ஆக்ஸைடு, மேலே கனன்றுகொண்டிருக்கும் கரியின் ஊடே ஏறும்போது இன்னொரு கார்பனைச் சேர்த்துக்கொண்டு மோனாக்ஸைடாக மாறுகிறது. சுவாலை இருக்கும்வரை அதில் ஒரு பகுதி மேற்பரப்பில் நீலமாக எரிந்துவிடும். சுவாலை அடங்கி வெறும் தணலாகக் கிடக்கும்போது அப்படியே அறைக்குள் வருகிறது. கரியில் 20-ல் ஒரு பங்குதான் இப்படிப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். அறை அடைத்திருந்தால் மோனாக்ஸைடு சுமார் 100 லிட்டர். 28,300 லிட்டர் காற்றில் அது 10 லட்சத்துக்கு 3,500 பங்கு. உயிருக்கு உடனடி ஆபத்து என்று அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு அமைப்பான நியோஷ் வகுத்திருக்கும் அளவு 1,200 பங்கு. கதவு இடுக்குகளில் கொஞ்சம் வெளியேறும் என்று கழித்தாலும், அந்த அறையில் இரவு படுக்கச் சொல்ல எனக்குத் தைரியம் வராது.

எனவே நாட்டில் புழங்கும் பாதுகாப்பு விதி ஒன்று முழுக்கத் தவறு. "புகை போன பிறகுதானே உள்ளே எடுக்கிறோம்" என்பது. புகை விறகிலும் ஈரக் கரியிலும் இருக்கும் மற்றப் பொருள்களின் அடையாளம். அது போய்விட்டது என்றால் கண் எரியாது, அவ்வளவுதான். மோனாக்ஸைடு புகையோடு வருவதும் இல்லை, புகையோடு போவதும் இல்லை.

அந்தப் பெண் அன்றிரவு இதைத் தன் அப்பாவிடம் சொல்லியிருக்கிறாள். மறுநாள் அவரே என்னிடம் வந்தார். கோபமாக வரவில்லை, மரியாதையாகத்தான் வந்தார். "மேடம்ஜி, எங்கள் ஊரில் எங்கப்பா, தாத்தா எல்லோரும் போர்ஸி மூட்டித்தான் குளிர்காலம் கழித்தார்கள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை" என்றார். உண்மைதான். ஓலைக் கூரையும் மூங்கில் தட்டியுமாக இருந்த அந்த வீடுகள் நாலு பக்கமும் மூச்சுவிட்டன. தகரக் கதவும் ஒட்டிய கண்ணாடியுமான இந்தக் கேபின் விடாது. வழக்கம் ஊரிலிருந்து ரயிலேறி வந்துவிட்டது, கூரை வரவில்லை. இதைச் சொன்னதும் புரிந்துகொண்டார். பிறகு ஒன்று கேட்டார்: "சரி மேடம்ஜி, வெளியில் வைத்துவிடுகிறேன். ராத்திரி இரண்டு மணிக்கு நான் என்ன செய்வது?"

கரியை அணை என்று சொல்வது வேதியியல் ஆசிரியைக்குச் சுலபம். என் வீட்டில் ரஜாய் இருக்கிறது, ஹீட்டர் இருக்கிறது. ஜனவரி இரவில் 4 டிகிரியில் உட்கார்ந்திருப்பவருக்குக் குளிர் என்பது கையில் உறைக்கிற நிஜம். மோனாக்ஸைடு என்பது யாரோ சொன்ன ஒரு பெயர்.

சொசைட்டிக் கமிட்டியிடம் ஒரு மின்சார ஹீட்டர் கேட்டுக் கடிதம் கொடுத்தேன். கூட்டத்தில் பொருளாளர் செலவைக் கணக்குப் போட்டார். 1,000 வாட் ஹீட்டர், இரவுக்கு 10 மணி நேரம், 10 யூனிட். 60 நாளைக்கு 600 யூனிட். யூனிட்டுக்கு 8 ரூபாய் என்றாலும் 4,800 ரூபாய். "இதை யார் கொடுப்பது?" என்றார். மொத்தம் 120 வீடுகள். ஒரு வீட்டுக்குக் குளிர்காலம் முழுவதற்கும் 40 ரூபாய். அதைச் சொன்ன பிறகும் பேச்சு ஓயவில்லை. காவலாளி ஹீட்டர் முன்னால் தூங்கிவிடுவார் என்றார் ஒருவர். பகல் காவலாளியும் கேட்பார் என்றார் இன்னொருவர். அங்கீட்டி கூடாது என்று நோட்டீஸ் ஒட்டிவிட்டால் நம் பொறுப்பு தீர்ந்தது என்றார் மூன்றாமவர். நோட்டீஸ் அன்றைக்கே ஒட்டப்பட்டது. ஹீட்டர் வர மூன்று வாரம் ஆயிற்று. அதுவரை அங்கீட்டியை வாசலில் வைத்து, கதவைத் திறந்து போட்டு, பழைய கம்பளி இரண்டைப் போர்த்திக்கொண்டு அவர் உட்கார்ந்திருந்தார். கம்பளி கொடுத்தது 12 கிலோ ஹைட்ரஜனில் மாட்டிக்கொண்ட பையன்களின் வீடுகள்.

அந்த மூன்று வாரமும் எனக்கு ஒரு எண்ணம் இருந்துகொண்டே இருந்தது. எங்கள் குடியிருப்பில் எது மிகை, எது குறை? அக்கறைக்குக் குறைவில்லை, பேச்சுக்கு நிச்சயமாகக் குறைவில்லை. பணமும் குறைவில்லை, 40 ரூபாய் யாருக்கும் பெரிதில்லை. "சரி, வாங்குங்கள்" என்ற ஒற்றை வார்த்தை வர வேண்டிய நேரத்தில் வரவில்லை. மற்ற எல்லாம் எவ்வளவு இருந்தாலும் அது வரும்வரை ஒன்றும் நடக்காது.

மிகை என்றால் எப்போதும் வீண் என்று பிள்ளைகள் நினைத்துவிடக் கூடாது என்பதற்காக இன்னொன்றும் சொல்வேன். குழாய்த் தண்ணீரில் கிருமிகளைக் கொல்லக் குளோரின் சேர்க்கிறார்கள். சரியாகத் தீரும் அளவுக்குச் சேர்த்தால் போதாது. வழியில் குழாய் ஓட்டை வழியே புதிதாகக் கிருமி நுழைந்தால் அதற்கும் வேண்டும். அதனால் நம் வீட்டுக் குழாய்க்கு வரும்போது லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது குளோரின் மிச்சம் இருக்க வேண்டும் என்கிறது இந்தியத் தர நிர்ணயம். அந்த லேசான வாசனை வீணானதல்ல. எதை மிச்சம் வைப்பது, எதைத் தீர விடுவது என்பது ஒரு முடிவு. அதை யாராவது யோசித்து எடுக்க வேண்டும். எடுக்காவிட்டால் கரியும் காற்றும் தாங்களே எடுத்துக்கொள்ளும்.

குளிர் பிரதேசங்களில் இருக்கும் வாசகர்களுக்குச் சுருக்கமாக: தணலை, புகை இருந்தாலும் இல்லாவிட்டாலும், படுக்கும் அறைக்குள் கொண்டுவராதீர்கள். ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வைத்தால் போதும் என்று நம்பித் தூங்காதீர்கள். காஸ் கீஸர் குளியலறைக்கு வெளியே இருக்கட்டும், அதன் புகை திறந்த வெளிக்குப் போகட்டும். ஒரே அறையில் இருக்கும் இரண்டு மூன்று பேருக்கு ஒரே நேரத்தில் தலை வலித்தால் மாத்திரை தேடாதீர்கள். முதலில் எல்லோரையும் வெளியே அழைத்துவந்துவிட்டு, அப்புறம் டாக்டரைக் கூப்பிடுங்கள்.

இப்போது ஒவ்வொரு நவம்பரிலும் ஞாயிறு வகுப்பில் கேபின் கணக்கு உண்டு. பிள்ளைகள் தங்கள் தெருவில் உள்ள காவலாளிக் கூண்டையோ, இஸ்திரி போடுகிறவரின் அறையையோ அளந்து வர வேண்டும். கன அடியை லிட்டராக்கி, லிட்டரை மோலாக்கி, எது முதலில் தீரும் என்று எழுத வேண்டும். கடைசி உட்பிரிவு, விடையை அங்கே தூங்குகிறவரிடம் போய்ச் சொல்லிவிட்டு வருவது. அதற்கு மார்க் கிடையாது.